சீனம் படிக்கத் தெரியாதவர் வரைந்த குளிர்மலை

கேள்வி, 2024 ஜனவரி 7

பிரைஸ் மார்டன் என்ற அமெரிக்க ஓவியரின் ‘குளிர்மலை’ ஓவியங்களைச் சீன எழுத்துக்கலையின் தொடர்ச்சி என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அவருக்குச் சீனம் படிக்கத் தெரியாது என்றும் அதே கட்டுரை சொல்கிறது. படிக்கத் தெரியாதவர் எழுதுவது எப்படி எழுத்துக்கலை ஆகும்? தாவோ, ஜென் என்று பெயர் சூட்டிவிட்டால் கிறுக்கலும் தத்துவம் ஆகிவிடுமா? தூரிகை பிடித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 8

பழகியிருக்கிறேன். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று மாதம் ‘யோங்’ என்ற ஒரே எழுத்துதான். எட்டு வகைக் கோடுகளும் அதற்குள் அடங்கியிருப்பதால் எல்லோருக்கும் அதுவே அரிச்சுவடி.

உங்கள் முடிவோடு உடன்படுகிறேன். காரணத்தோடு இல்லை. படிக்கத் தெரியாதது பெரிய குறை அல்ல. தாங் காலத்துத் துறவி ஹுவாய்சு 777-இல் எழுதிய தன்வரலாற்றுச் சுருளைச் சீனர்களிலேயே பெரும்பாலோர் பக்கத்தில் அச்செழுத்து இல்லாமல் படிக்க முடியாது. அந்த அளவுக்குப் பித்தேறிய ஓட்டம் அது. படிக்க முடியவில்லையே என்று யாரும் திரும்பிப் போவதில்லை. கோட்டின் வேகத்தையும், மை வற்றும் இடத்தையும், மூச்சு வாங்கும் இடத்தையும் பார்க்கிறார்கள்.

மார்டனிடம் எனக்குள்ள குறை வேறு. எழுத்துக்கலைக்குப் பயன்படும் சீனத்துச் சுவான் தாளில் மை பட்டால் பட்டதுதான். மேலே திரும்பத் தீட்ட முடியாது, அழிக்க முடியாது. எழுத்துக்கலையின் உயிரே அந்த மீளமுடியாமைதான். மார்டன் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறார், கத்தியால் சுரண்டுகிறார், உப்புத்தாள் தேய்க்கிறார், வெள்ளை பூசி மறைக்கிறார், மறுபடி வரைகிறார். ஆறு ஓவியங்களுக்கு 1989 முதல் 1991 வரை ஆயிற்று. இத்தனை திருத்தம் செய்தபின் அதை எழுத்துக்கலையோடு சேர்ப்பது தவறு என்பது என் கட்சி.

2024 ஜனவரி 8, இரவு

எங்கிருந்து பேசுகிறேன் என்று தெரிவதற்காக ஒன்று சொல்கிறேன். வகுப்பில் சேர்ந்த முதல் ஆண்டு, ‘யோங்’ எழுத்தின் கடைசிக் கோடு வலப்பக்கம் இழுத்து முடியும் இடத்தில் வால் சிறுத்துவிட்டது. தூரிகை நுனியால் மெதுவாக ஒரு தொடுதொட்டு வாலைப் பருமனாக்கினேன். கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஆசிரியை வந்தார், எழுபதைத் தாண்டியவர். ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்துக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தார். முழு எழுத்தும் ஒரே கருமையாக இருக்க, நான் தொட்ட இடம் மட்டும் நெல்லளவுக்குத் திட்டாகத் தெரிந்தது. இரண்டு மை ஒன்றன்மேல் ஒன்று ஊறியிருந்தது. தாளைத் திரும்பக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

2024 ஜனவரி 14

மார்டன் யார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

1938-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், 2023 ஆகஸ்டில் மறைந்தார். இளம் வயதில் எண்ணெய் வண்ணத்தில் தேன்மெழுகு கலந்து, ஒரே நிறத்தில் மங்கலான பலகை போன்ற ஓவியங்களைச் செய்து பெயர் பெற்றார். அவற்றில் கோடே கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வழி அடைத்துக்கொண்டது. 1983-இல் குடும்பத்தோடு தாய்லாந்து, இலங்கை, இந்தியா என்று சுற்றினார். கடற்சங்குகளின் மேலுள்ள வரிகளைப் பார்த்துக் கோடு போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 1984-இல் நியூயார்க்கில் பெரிய சீன எழுத்துக்கலைக் கண்காட்சி ஒன்றைப் பார்த்தார். அங்கிருந்துதான் பாதை திரும்பியது.

ஓவியங்களுக்குப் பெயர் தந்த ஹான்ஷான் தாங் காலத்துக் கவிஞர். பெயரின் பொருளே ‘குளிர்மலை’. கிழக்குச் சீனத்தின் தியந்தாய் மலைப்பகுதியில் ஒரு குகையில் இருந்தார், பாறையிலும் மரத்திலும் கவிதைகளைக் கிறுக்கி வைத்தார், அடிவாரக் கோயிலின் சமையற்கட்டில் வேலை செய்த ஷிதே அவருடைய கூட்டாளி என்பது வழிவழிக் கதை. முந்நூறு கவிதைகளுக்கு மேல் அவர் பெயரில் கிடைக்கின்றன. தாவோயிசக்காரர்களும் ஜென்காரர்களும் எங்கள் ஆள் என்று இருபுறமும் இழுக்கிறார்கள். கவிதைகள் இரண்டு பக்கமும் கேலி செய்கின்றன. ரெட் பைன் என்ற புனைபெயரில் எழுதும் பில் போர்ட்டர் 1983-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தின் பக்கத்திலேயே சீன மூலமும் அச்சாகியிருந்தது. மார்டன் கண் வைத்தது அந்தச் சீனப் பக்கத்தின்மேல்.

அதில் பெரும்பாலான கவிதைகள் எட்டு அடி, அடிக்கு ஐந்து எழுத்து, ஆக நாற்பது எழுத்து. மார்டன் வலது மேல்மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக எழுத்து போன்ற உருக்களை வரைவார். ஒன்றும் உண்மையான எழுத்து அல்ல. பிறகு மேலும் கீழும் அவற்றை இணைப்பார், அதன்பின் பக்கவாட்டில். கடைசியில் ஒரு பெரிய வலை நிற்கும். ஒவ்வொரு கித்தானும் 9 அடி உயரம், 12 அடி அகலம்.

2024 ஜனவரி 15

திருத்தம். நேற்று ‘சீன எழுத்துக்கலைக் கண்காட்சி’ என்று எழுதிவிட்டேன். தவறு. 1984-இல் அவர் பார்த்தது 8 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான ஜப்பானிய எழுத்துக்கலை.

இது சின்ன விஷயம் இல்லை. ஜப்பானிய ‘கனா’ எழுத்தில் தூரிகையைத் தூக்காமல் நாலைந்து எழுத்துகளை நூல்போல இழுத்துக் கோப்பார்கள். சீனத்து நிமிர்ந்த எழுத்தில் ஒவ்வொன்றும் தன் கட்டத்துக்குள் தனி வீடு. மார்டனின் உருக்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போவதற்குச் சீனத்தில் மட்டும் வேர் தேடிக்கொண்டிருந்தேன். ஜப்பானிலும் தேட வேண்டும். சீனத்துக்கு அவர் வந்தது கவிதை வழியாக. 1986-இல் தாங் காலத்துக் கவிஞர் து ஃபுவின் கவிதைகளுக்கு, கென்னத் ரெக்ஸ்ராத்தின் மொழிபெயர்ப்பை வைத்து, செப்புத்தகட்டில் பொறித்த அச்சுப்படங்களைச் செய்தார். அதன்பின் ஹான்ஷான்.

2024 பிப்ரவரி 2

போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர், ஆகவே ஜென் ஓவியம் எல்லாம் நம்முடையது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, 547-இல் எழுதப்பட்டது, அவரைப் பாரசீகர் என்கிறது. தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்பது இன்னொரு பழைய குறிப்பு. காஞ்சி பிற்கால மரபில் வருகிறது. ‘தியானம்’ என்ற சொல் சீனத்தில் ‘சான்’ ஆகி ஜப்பானில் ‘ஜென்’ ஆனது உண்மை. அந்த அளவில் மகிழ்ந்துகொள்ளலாம். இங்கே பேச்சு கோட்டைப் பற்றியது.

2024 பிப்ரவரி 19

இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ‘குளிர்மலை 6’, ‘பாலம்’ என்ற துணைப்பெயர் உள்ளது, சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 2019-இல் வேலை நிமித்தம் போனபோது பார்த்தேன். அப்போது வகுப்பில் இரண்டாம் ஆண்டு. விளக்குக்கு நேரே பிடித்த தாள் மனத்தில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டு நகர்ந்தேன். கைப்பேசியில் எட்டுப் படம் எடுத்திருந்தேன். ஐந்து ஆண்டுகளாகத் திறக்கவில்லை. நேற்று திறந்தேன்.

ஒரு படம் மிக அருகில் எடுத்தது. சாம்பல் கலந்த வெள்ளைத் தளம். அதன்மேல் கரிய கோடு ஒன்று கீழே இறங்கி, முழங்கைபோல மடங்கி, இடப்பக்கம் போகிறது. அதற்கு இரண்டு விரல் தள்ளி அதே மடக்கு இன்னொரு முறை, ஆனால் வெள்ளைக்கு அடியில். சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய விளம்பர எழுத்து தெரியுமே, அப்படி. முதலில் கோடு அங்கேதான் இறங்கியிருக்கிறது. அதை வெள்ளையால் அணைத்துவிட்டு இரண்டு விரல் தள்ளி மறுபடி இறக்கியிருக்கிறார். அணைத்ததை முழுக்க மறைக்கவில்லை. நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம், எண்ணெய் வண்ணத்தில் அது பத்து நிமிட வேலை. அந்தப் படத்தில் மட்டும் ஏழு இடங்களில் இப்படி எண்ணினேன்.

என் கட்சியில் ஓட்டை விழுந்திருக்கிறது. எவ்வளவு பெரியது என்று இன்னும் தெரியவில்லை.

2024 பிப்ரவரி 20

மார்டனின் கருவிகளைப் பற்றி ஒருவர் கேட்டார். கித்தானில் நீண்ட காம்புள்ள தூரிகைகள். கை நேராகக் கோட்டை ஆளக்கூடாது, உடம்பு முழுக்கச் சேர்ந்து நகர வேண்டும் என்பதற்காக. தாளில் மைக்கு மரக்குச்சி. ஐலாந்தஸ் மரத்தின் குச்சி. அந்த மரம் சீனத்தைச் சேர்ந்தது. 1784-இல் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நியூயார்க்கில் தெருவோரம், கட்டட இடுக்கு என்று பாராமல் களையாக முளைக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நினைவுக்கு வந்து எழுந்து போய்த் தாவோயிச ஞானி சுவாங் ட்சுவின் நூலை எடுத்தேன். முதல் அத்தியாயத்தின் கடைசியில் அவரோடு வாதாடும் நண்பர் ஹுயி ட்சு சொல்கிறார்: என்னிடம் ஒரு பெரிய மரம் இருக்கிறது, அடிமரம் முண்டும் முடிச்சும், நூல் பிடிக்க முடியாது, கிளைகள் கோணல், மட்டம் வைக்க முடியாது, வழியோரம் நிற்கிறது, ஒரு தச்சனும் திரும்பிப் பார்ப்பதில்லை, உங்கள் பேச்சும் அதைப் போலத்தான், பெரிது, பயனற்றது. சுவாங் ட்சு சொல்கிறார்: அதை ஒன்றுமில்லாத ஊரில், வெட்டவெளியில் நட்டுவைத்து நிழலில் படுத்துத் தூங்கலாமே, பயன் இல்லாததால்தான் கோடரி அதைத் தொடாது. அந்த மரத்தின் பெயர் ‘சூ’.

‘சூ’ என்பது ஐலாந்தஸ்தான்! சீனத் தாவர நூல்கள் இன்றும் அந்த மரத்தை அப்படித்தான் அடையாளம் காட்டுகின்றன. தாவோயிசத்தின் பயனற்ற மரம் நியூயார்க்கில் களையாக முளைத்து, அதன் குச்சி மார்டன் கையில் இருந்திருக்கிறது. அவர் தெரிந்து எடுத்தாரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. தச்சன் தொடாத மரம் ஓவியனுக்கு உதவியிருக்கிறது. இன்று தூக்கம் வராது.

2024 மார்ச் 4

ஐலாந்தஸ் நம் ஊரில் உண்டா என்றால், ஆம், நம் ஊர்ப் பெருமரம் இதே பேரினம். வேறு இனம், ஆனால் நெருங்கிய உறவு. பீநாறி என்றும் சொல்வார்கள். மென்மையான மரம் என்பதால் தீக்குச்சிக்குப் போகிறது. எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டும் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவன். மே மாதம் ஊருக்குப் போகும்போது ஒரு கொப்பு ஒடித்துப் பார்க்கிறேன்.

2024 மே 12

ஒடித்தேன். பெரியப்பா வீட்டுத் தோட்டத்து வேலியோரம் நின்ற மரம். விரல் பருமனுள்ள கொப்பை முக்கால் முழத்துக்கு வெட்டி, மூன்று நாள் நிழலில் காயவைத்து, நுனியைச் சாய்வாகச் சீவினேன். நடுவில் வெள்ளைச் சோறு மெத்தென்று இருந்தது. வாசலில் பாயை விரித்துத் தாளைப் போட்டு மைக்கட்டியை உரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “கொப்பை வைச்சு என்னப்பா பண்ற?” என்று பெரியப்பா மட்டும் ஒருமுறை கேட்டார். எழுதுகிறேன் என்றேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரிகையில் மை வயிற்றுக்குள் இருக்கும். அழுத்தினால் கோடு பருக்கும், தூக்கினால் மெலியும். நாம் விரும்பியபடி மை வரும். குச்சி கேட்காது. தோய்த்தவுடன் சொட்டாக விழும். இரண்டு அங்குலம் போவதற்குள் மெலிந்து, பிறகு உலர்ந்த மரம் தாளைக் கீறும் ஒலி மட்டும் கேட்கும். மறுபடி தோய்க்க வேண்டும். அழுத்தினால் வளையும், வளைந்தது எந்தப் பக்கம் துள்ளும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆறு ஆண்டுகள் பழகிய ‘யோங்’ எழுத்தைப் பதினோரு தாளில் எழுதினேன். பத்தில் எழுத்தைக் காட்டினேன், அதாவது எனக்குத் தெரியும் என்பதைக் காட்டினேன். பதினோராவதில் கை சலித்துப்போய், குச்சி துள்ளிய பக்கம் போகவிட்டேன். அந்த ஒரு தாளை மட்டும் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

தாவோயிசத்தின் ‘வூ வெய்’ என்ற சொல்லைச் சும்மா இருத்தல் என்று மொழிபெயர்த்துவிட்டுப் போய்விடுகிறோம். சுவாங் ட்சுவின் கசாப்புக்காரர் திங் சும்மா இருக்கவில்லை. பத்தொன்பது ஆண்டு மாடு வெட்டிய பிறகும் கத்தி மழுங்காமல் இருக்கிறது, மூட்டுக்கு நடுவே இருக்கும் வெளியில் கத்தியை விடுவதால். சிக்கலான மூட்டு வந்தால் நின்று, பார்த்து, மிக மெதுவாகக் கத்தியை அசைக்கிறார். முன்பு படித்தபோது பத்தொன்பது ஆண்டு என்ற எண் மட்டும் மனத்தில் நின்றது. அந்தத் தயக்கம் கதைக்குள்ளேயே இருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

2024 மே 13

அமெரிக்கர்கள் கிழக்கிலிருந்து எடுத்துக்கொண்டே போகிறார்கள் என்ற குறைக்கு ஒரு சேதி. 1951-இல் கியோட்டோவில் மொரிட்டா ஷிரியு ‘பொகுபி’ என்ற எழுத்துக்கலை இதழைத் தொடங்கியபோது முதல் இதழின் அட்டையில் வந்தது நியூயார்க் ஓவியர் ஃபிரான்ஸ் கிளைனின் படம். ஜப்பானிய எழுத்துக் கலைஞர்கள் அங்கிருந்து காற்று வாங்கினார்கள். கிளைனோ தமக்கும் எழுத்துக்கலைக்கும் தொடர்பில்லை என்றார். கறுப்பைப் போலவே வெள்ளையையும் தாம் தீட்டுவதாகச் சொன்னார். தாளின் வெள்ளை வேறு, தீட்டிய வெள்ளை வேறு. மார்டனின் வெள்ளையும் தீட்டியதே.

2024 ஜூலை 9

ஜனவரியில் நான் வைத்த கட்சியைத் திரும்பப் பெறுகிறேன்.

போன செவ்வாய் வகுப்பில் ஆசிரியை ஒரு நகலை விரித்தார். தாங் காலத்து அதிகாரியும் எழுத்துக் கலைஞருமான யான் ஷென்சிங் 758-இல் தம் அண்ணன் மகனுக்கு எழுதிய இரங்கல் உரையின் வரைவு. அன் லுஷானின் கலகத்தில் கொல்லப்பட்ட பிள்ளை. அடக்கம் செய்யத் தலை மட்டுமே கிடைத்தது. மூலம் தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2019-இல் டோக்கியோவுக்கு இரவல் கொடுத்தபோது அவ்வளவு நொய்ந்த தாளை அனுப்பலாமா என்று பெரிய சண்டையே நடந்தது. தொடக்கத்தில் எழுத்து நிதானமாக இருக்கிறது. போகப்போகத் தூரிகை வற்றுகிறது, தோய்க்க மறந்து எழுதுகிறார், எழுதியதை அடிக்கிறார், பக்கத்தில் வேறு சொல் எழுதுகிறார், அதையும் அடிக்கிறார். கடைசிப் பத்திகளில் எழுத்துகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

ஓட்ட எழுத்தில் உலகிலேயே இரண்டாவது என்று சீன மரபு இதை வைத்திருக்கிறது. முதலாவது 353-இல் வாங் சிஜி எழுதிய ஆர்க்கிட் மண்டப முன்னுரை. மூலம் தொலைந்துவிட்டது, நகல்களே உள்ளன. அந்த நகல்களில்கூட அவர் அடித்துத் திருத்திய எழுத்துகளை அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள். பிறகு நிதானமாக உட்கார்ந்து பலமுறை எழுதிப் பார்த்தும் அந்த வரைவுக்கு ஈடாக வரவில்லை என்பது கதை. மூன்றாவது 1082-ஐச் சேர்ந்த சூ ஷியின் குளிர் உணவு நாள் கவிதைகள். அதில் வேண்டாத எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறார், இதை விட்டுவிட்டுப் படியுங்கள் என்று.

மூன்றும் திருத்தம் உள்ள தாள்கள். ஆறு ஆண்டுகளாக மூன்றின் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தேன், இது கண்ணில் படவில்லை. ஆசிரியை அன்று விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டியது திருத்தத்தை அல்ல, மறைத்ததை. தொட்டு ஒப்பேற்றுவது வேறு, அடித்துவிட்டு எழுதுவது வேறு. மார்டன் வெள்ளைக்கு அடியில் பழைய கோட்டைத் தெரியவிட்டது இரண்டாவது வகை. அவர் ஒப்பேற்றவில்லை.

2024 ஜூலை 10

முதலில் கேட்டவருக்கு. கிறுக்கல் இல்லை. நாற்பது எழுத்துக்கு இடம் ஒதுக்கி, வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். எழுத்துக்கலையா என்றால், அங்கே என் வாய் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. யான் ஷென்சிங்கின் கை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தால் அந்த இடத்தில் பிள்ளையின் சாவைப் பற்றிய சொல் இருக்கிறது. மார்டனின் கோடு தடுமாறும் இடத்தில் சொல் இல்லை. அந்த இழப்பு உண்மையானது. அதை மறைத்துப் பாராட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அவரும் கடைசி வரை தேடிக்கொண்டுதான் இருந்தார். 2007-இல் தைபெயில் பார்த்த வட சோங் காலத்துச் சீன எழுத்துகள் ‘கடிதங்கள்’ என்ற ஓவிய வரிசைக்குத் தூண்டுதலானபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது.

ஜென் என்ற சொல்லை நான் விட்டுவிடுகிறேன். ‘குளிர்மலை’ அச்சுப்படங்களுக்கு அவரே ‘ஜென் பயிற்சி’ என்று பெயர் வைத்தார். பயிற்சி என்ற பாதி எனக்குப் போதும்.

2024 ஜூலை 17

நேற்று வகுப்பில் ‘ஹான்’, ‘ஷான்’ இரண்டையும் எழுதினேன். குளிருக்குப் பன்னிரண்டு கோடு, மேலே கூரை, அடியில் பனிக்கட்டியைக் குறிக்கும் இரண்டு புள்ளி. மலைக்கு மூன்றே கோடு. ‘ஹான்’ எழுத்தின் கூரை சாய்ந்துவிட்டது. தொடவில்லை. சூ ஷி செய்ததுபோலப் பக்கத்தில் புள்ளி வைத்துவிட்டு அதன் கீழே மறுபடி ‘ஹான்’, பிறகு ‘ஷான்’. நல்ல கோடுகளுக்குப் பக்கத்தில் ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போடுவார். என் தாளில் நெடுநேரம் நின்றார். ‘ஷான்’ எழுத்தின் நடுக்கோட்டுக்கு ஒரு வட்டம். பிறகு அந்தப் புள்ளிக்கு ஒன்று, மிகச் சிறியதாக.

2024 ஜூலை 18

குச்சியில் எழுதிப் பார்க்க எந்தத் தாள் என்று கேட்டவருக்கு: படிகாரம் ஏற்றிய சுவான் தாள் வாங்குங்கள். ஏற்றாத தாள் குச்சியிலிருக்கும் மையை முதல் அங்குலத்திலேயே உறிஞ்சிவிடும். குச்சி நன்றாகக் காய்ந்திருக்கட்டும். பச்சைக் குச்சியில் மை நிற்காமல் வழிகிறது.